சாவு வீட்டில் கட்டியக்காரன்

திருவள்ளூர் மாவட்டத்து உட்கிராமங்களில் பழைய வழக்கம் ஒன்று இன்னும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. வீட்டில் வயதான ஒருவர் இறந்துபோனால், காரியத்துக்கு முந்தைய இரவு வாசலில் கூத்து வைப்பார்கள். பெரும்பாலும் கர்ண மோட்சம். பந்தலின் ஒரு பக்கம் இறந்தவரின் படம், மாலை, அணையாத விளக்கு. மறுபக்கம் பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். ஊர் சாப்பிட்டு முடித்து வந்து உட்கார்ந்த பிறகு, இரண்டு பேர் வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து முதலில் வருகிறவன் கட்டியக்காரன். தலையில் கூம்புத் தொப்பி, முகத்தில் வெள்ளைப் புள்ளிகள், மேலே ஒட்டுப்போட்ட சட்டை.

வந்த வேகத்தில் அவன் வாய் திறந்துவிடும். பந்தலில் உட்கார்ந்திருக்கும் பங்காளிகளைச் சீண்டுவான். மாமன் மச்சான் முறைக்காரர்களைப் பேர் சொல்லி இழுப்பான். செத்தவர் விட்டுப்போன நிலம், கடன், மருமகளின் அழுகை என்று ஒன்றையும் விட்டுவைக்க மாட்டான். கூட்டம் சிரிக்கும். வீட்டுக்காரப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். விடியும் நேரத்தில் கர்ணன் போர்க்களத்துக்குப் புறப்பட்டு, மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டம் வரும். நள்ளிரவில் சிரித்த அதே கூட்டம் அப்போது தேம்பித் தேம்பி அழும். இறந்தவர் பேரைச் சொல்லி உறவினர்கள் பணம் கொடுக்க, ஆட்டத்தை நிறுத்திவிட்டு அதை அறிவிக்கிறவனும் அந்தக் கட்டியக்காரன்தான்.

சாவையும் நோயையும் மானபங்கத்தையும் வைத்துச் சிரிக்கவைக்கும் கலையை இப்போது கறுப்பு நகைச்சுவை என்கிறோம். அது மேற்கிலிருந்து வந்த புதுச்சரக்கு என்றும், தமிழ்ப் பார்வையாளருக்கு அது ஒத்துவராது என்றும் தொலைக்காட்சி வட்டாரத்தில் நெடுநாளாக ஒரு பேச்சு இருக்கிறது. தொண்டை மண்டலத்தின் வடகோடியில் கூத்து பார்த்து வளர்ந்தவர்களிடம் இந்தப் பேச்சு எடுபடாது. சாவு வீட்டில் உட்கார்ந்து சிரித்த ஊர்கள் அவர்களுடையவை. அவர்கள் எதற்குச் சிரித்தார்கள், எங்கே கோபப்பட்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய வரலாறு.

கூத்தில் கட்டியக்காரன் சாதாரண விதூஷகன் அல்லன். ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுவது அவன் வேலை. வாயில்காப்பவன், தூதன், அரண்மனை வேலைக்காரன், சமயத்தில் ஆட்டத்தில் ஆள் குறைந்தால் அந்த வேஷமும் அவனே. ராஜா துவாபர யுகத்தில் நிற்பார். கட்டியக்காரன் நேற்றைய பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்பான். துரியோதனனின் தர்பாரில் நின்றுகொண்டு ரேஷன் கடை மண்ணெண்ணெயைப் பற்றிப் பேச அவனுக்கு மட்டும் உரிமை உண்டு. ஜமா எனப்படும் கூத்துக் குழுவில் அனுபவசாலிக்குத்தான் இந்த வேஷம் கொடுப்பார்கள். எந்த ஊரில் எதைப் பேசலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாதவன் இந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டால் ஊர் பெரியதனக்காரரிடம் அடி வாங்க வேண்டியதுதான்.

அவனுடைய திறமையைச் சோதிக்கும் கட்டம் பகடைத் துகில். சூதில் தருமன் தோற்று, திரௌபதியைச் சபைக்கு இழுத்துவரும் இரவு. துச்சாதனன் புடவையில் கை வைக்கும் முன் ஆட்டம் நிற்கும். தட்டில் கற்பூரம் ஏற்றுவார்கள். சற்றுமுன்வரை புஜக்கட்டை குலுங்கக் கர்ஜித்துக்கொண்டிருந்த துச்சாதன வேஷக்காரர் கைகூப்பி நின்று, இந்தப் பாவம் தன்னை அண்டக்கூடாது என்று அம்மனை வேண்டிக்கொள்வார். கூட்டத்தில் பெண்களுக்கு அருள் வரும். சில சமயம் வேஷக்காரரே மயங்கி விழுந்துவிடுவார். இத்தனைக்கும் நடுவில் கட்டியக்காரன் நிற்கிறான். அவன் துரியோதனனின் சேவகன், சொன்னதைச் செய்ய வேண்டியவன். ஆனால் சபையில் பீஷ்மரும் துரோணரும் வாய் திறக்காமல் இருக்கும்போது, இது அநியாயம் என்று கோணங்கித்தனத்தோடு முணுமுணுப்பதும் அவனே. அந்த முணுமுணுப்புக்கு வரும் சிரிப்பில் கோபம் கலந்திருக்கும். இதைவிட இருட்டான ஒரு நகைச்சுவைக் காட்சியை எந்தத் தொலைக்காட்சியும் தமிழில் எடுத்ததில்லை.

திரௌபதியம்மன் கோயில்களில் நடக்கும் பாரத விழாவின் முடிவில் வருவது படுகளம். பகல் வேளை. மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பின்மேலும் சுற்றியும் ஓடிச் சண்டைபோடுவார்கள். தொடை பிளக்கும், அந்தச் சிவப்பைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிப்பாள். அது முடிந்ததும், பல ஊர்களில், துரியோதனனின் வீட்டுப் பெண் வேஷத்தில் ஒரு கலைஞர் துடைப்பமும் முறமுமாக ஒப்பாரி வைத்துக்கொண்டு வருவார். அழுகை கலந்த அந்த ஒப்பாரியிலேயே கேலி இருக்கும். ஊரார் வரிசையில் நின்று அந்தத் துடைப்பத்தால் அடி வாங்கிக்கொள்வார்கள்; பீடை போகும் என்று நம்பிக்கை. சாயங்காலம் தீமிதி. ஒரே நாளில் கொலை, ஒப்பாரி, கேலி, பக்தி நான்கும் ஒரே மைதானத்தில் நடக்கின்றன. யாரும் முகம் சுளிப்பதில்லை. திருத்தணி திரௌபதியம்மன் கோயில் தீமிதிக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. திருத்தணியும் பள்ளிப்பட்டும் ஆந்திரத்திலிருந்து பிரிந்து 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு என்று எல்லை நெடுகிலும் வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி. அந்தப் பக்கம் புத்தூர், சத்தியவேடு வட்டாரத்தில் இதே பாரதம் தெலுங்கில் வீதி நாடகமாக நடக்கிறது. இரண்டு மொழியிலும் கேலி செய்யத் தெரிந்த கட்டியக்காரனுக்கு எல்லையோர ஊர்களில் தனி மதிப்பு.

இந்த மரபை மேடைக்குக் கொண்டுபோய், அதன் இருட்டை இன்னும் கூட்டி, அரசாங்கத்தையே சட்டம் போடவைத்தவர் ஒருவர் உண்டு. மெட்ராஸ் ராஜகோபாலன் ராதாகிருஷ்ணன் என்ற எம்.ஆர். ராதா. 1907இல் சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர். சிறுவயதிலேயே நாடகக் கம்பெனிகளில் சேர்ந்து, ஊர் ஊராகச் சுற்றி, மின்வேலை, மோட்டார் வேலை எல்லாம் கற்றவர். ஆரம்பத்தில் அவர் மேடையில் செய்தது சாகசமும் சிரிப்பும். மோட்டார் சைக்கிளை மேடையில் ஓட்டுவது போன்ற வேடிக்கைகளுக்காகக் கூட்டம் வந்தது. பெரியாரின் இயக்கத்தோடு நெருங்கிய பிறகு அந்தச் சிரிப்பின் குணம் மாறியது. வேடிக்கை காட்டிய கை, பார்க்கிறவன் நெஞ்சில் குத்த ஆரம்பித்தது.

திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ரத்தக்கண்ணீர் நாடகத்தை ராதா 1940களின் இறுதியிலிருந்து நடத்தினார். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மோகனசுந்தரம், தாயையும் மனைவியையும் உதறிவிட்டுத் தாசி காந்தாவின் வீடே கதி என்று கிடக்கிறான். சொத்து கரைகிறது. குஷ்டம் வருகிறது. கண் போகிறது. தெருவில் பிச்சைக்காரனாக விழுகிறான். கதை அவ்வளவுதான். அந்தக் காலத்தில் நல்லொழுக்கப் பாடம் சொல்லும் நாடகங்கள் நூறு இருந்தன. கதை அவற்றிலிருந்து அதிகம் விலகவில்லை. விலகியது ராதாவின் நடிப்பு. உடம்பு அழுகிக்கொண்டிருக்கும்போதும் மோகன் கிண்டலை நிறுத்துவதில்லை. விரல் மடங்கிப்போன கையை நீட்டிக்கொண்டு, கோயிலையும் பணக்காரனையும் பிச்சை போடுகிறவனையும் தன்னையும் ஒரே மூச்சில் கேலி செய்கிறான். கீச்சுக் குரலும் கரகரக் குரலும் மாறி மாறி வர, அடுத்த வார்த்தை சிரிக்கவைக்குமா அழவைக்குமா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. மேடையிலேயே அன்றைய நாட்டு நடப்பை இழுத்துவைத்துப் பேசுவார். ஒருநாள் நாடகம் மறுநாள் நாடகம்போல் இருக்காது. கட்டியக்காரனின் உரிமையை ராதா கதாநாயகனுக்கே கொடுத்துவிட்டார்.

அந்தக் குஷ்டரோகியைப் பார்த்த செங்கல்பட்டு மாவட்டத்துப் பார்வையாளரை நினைத்துப் பார்க்க வேண்டும். திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி எல்லாம் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல். தொழுநோய் மிகுதியாக இருந்த மாவட்டங்களில் செங்கல்பட்டு ஒன்று. அங்கே திருமணியில் 1920களிலிருந்து லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இயங்கியது. 1955இல் மத்திய அரசு அதை ஏற்று ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. ராதா ரத்தக்கண்ணீர் நடத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் சல்போன் மருந்துகள் அங்கே நோயாளிகளைக் குணப்படுத்தத் தொடங்கியிருந்தன. ஆகவே மேடையில் தெரிந்த அந்த மடங்கிய விரல் அவர்களுக்குக் கற்பனை கிடையாது. பக்கத்துத் தெருவில் ஒதுக்கிவைக்கப்பட்டவரின் கை அது. அதைப் பார்த்துச் சிரித்தவர்களின் சிரிப்பில் பயம் இருந்தது.

ராதாவை எவ்வளவு கொண்டாடினாலும், இந்த இடத்தில் ஒரு குறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நோயைத் தாசி வீட்டுக்குப் போனதற்குக் கிடைத்த தண்டனையாக அந்த நாடகம் காட்டியது. மூடநம்பிக்கையை அடித்து நொறுக்கிய மனிதரின் மிகப் பெரிய வெற்றி, தொழுநோய் பற்றிய ஒரு மூடநம்பிக்கையை உறுதிப்படுத்தியது. மருத்துவமனைக்குப் போனால் தீரும் என்று சொல்லவேண்டிய காலத்தில், பாவத்தின் சம்பளம் என்று அது சொன்னது. கறுப்பு நகைச்சுவைக்கு எப்போதுமே உள்ள ஆபத்து இது. யாரை நோக்கிச் சிரிப்பு எழுகிறது என்பதில் கை நழுவினால், அடிபட்டவனே மறுபடியும் அடிபடுவான்.

1954 தீபாவளிக்குக் கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் ரத்தக்கண்ணீர் படமாக வந்தது. பல ஆண்டுகள் சினிமாவை விட்டு விலகியிருந்த ராதா அதில் திரும்பி வந்தார். காந்தாவாக எம்.என். ராஜம், மனைவியாக ஸ்ரீரஞ்சனி, நண்பன் பாலுவாக எஸ்.எஸ். ராஜேந்திரன். படத்தின் முடிவில் மோகன் தன் மனைவியை நண்பனுக்கே மணம் முடித்துவைக்கச் சொல்கிறான். விதவை மணத்தைப் பற்றியே தயங்கித் தயங்கிப் பேசிய காலம் அது. படம் ஓடியது, மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

மோதல் வேறு நாடகத்தில் வந்தது. அதே 1954இல் ராதா ராமாயணத்தைக் கிண்டல் செய்து நாடகம் போட்டார். கீமாயணம் என்று மக்கள் வாயில் நின்றது. இது மனத்தைப் புண்படுத்தும் என்று கருதுகிறவர்கள் வரவேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம் என்ற பொருளில் அவர் விளம்பரம் செய்தார். எதிர்த்துக் கல் வீசியவர்களும் உண்டு, டிக்கெட் வாங்கி நிறைந்தவர்களும் உண்டு. மேடையிலிருந்தே எதிர்ப்பாளர்களுக்குப் பதில் சொல்வது ராதாவுக்குக் கைவந்த கலை. ஒரு பேரில் தடை வந்தால் வேறு பேர் வைத்து அதையே நடத்துவார். கடைசியில் அரசாங்கம் இறங்கியது. நாடகங்களைக் கட்டுப்படுத்த 1876இல் ஆங்கிலேயர் போட்ட சட்டம் ஏற்கெனவே இருந்தது. அது போதாதென்று காமராஜர் அமைச்சரவைக் காலத்தில் சென்னை நாடக நிகழ்ச்சிச் சட்டம் 1954இல் நிறைவேறியது. ஆட்சேபகரமான நாடகத்தைத் தடை செய்யலாம், முன்கூட்டியே பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம் என்று அது அதிகாரம் கொடுத்தது. ராதாவை மனத்தில் வைத்துப் போட்ட சட்டம் என்றே அன்றும் இன்றும் பேசப்படுகிறது.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பார்க்கலாம். அழுகும் உடம்பை மேடையில் வைத்துச் சிரித்ததற்கு யாரும் சட்டம் கேட்கவில்லை. கணவனே மனைவிக்கு மறுமணம் பேசியதற்கும் கேட்கவில்லை. புனிதம் என்று கருதப்பட்ட ஒன்றில் சிரிப்பு கை வைத்தபோதுதான் சட்டம் வந்தது. இருட்டைப் பார்க்கத் தமிழ்ப் பார்வையாளர் பயந்ததில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் பொறுக்காதது, தாங்கள் கும்பிடுவதைப் பார்த்துச் சிரிப்பதை. 1968இல் சோ மேடையேற்றிய முகமது பின் துக்ளக் அதிகாரத்தைச் சீண்டிய நாடகம். அரசியல்வாதி கோபப்பட்டார், பார்வையாளர் சிரித்தார்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. சென்னைக்குப் பக்கம் என்பதால் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கமெல்லாம் ஓட்டுக் கூரைமேல் ஆன்டெனா நட்டாலே படம் வந்தது. பெட்டி வாங்க வசதியில்லாத ஊர்களில் ஊராட்சித் தொலைக்காட்சி அறை இருந்தது. காங்கிரீட் கூண்டுக்குள் பூட்டிய பெட்டி, மாலையில் வந்து திறக்கும் ஊராட்சி ஆள், எதிரே மண்தரையில் கூட்டம். கூத்துக்கு உட்கார்ந்ததுபோலவே ஊர் மொத்தமும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த கடைசிக் காலம் அது. அப்போதைய தொலைக்காட்சி நகைச்சுவை மயிலாப்பூர் சபா நாடகத்தின் நீட்டிப்பாக இருந்தது. ஆள் மாறாட்டம், காது கேளாத தாத்தா, மாமியார் மருமகள். எஸ்.வி. சேகரும் கிரேஸி மோகனும் அதில் பெரிய கெட்டிக்காரர்கள். ஆனால் அரசாங்கத் தொலைக்காட்சியில் சாவு வீட்டுச் சிரிப்புக்கு இடமில்லை.

இதே ஆண்டுகளில் ஊர்களின் முகம் மாறியது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் 1960களிலேயே வந்துவிட்டன. பிறகு கும்மிடிப்பூண்டியில் சிப்காட். உருக்காலைகள், ரசாயன ஆலைகள், வார்ப்படச் சாலைகள். ஏரிப்பாசன நெல்லை நம்பியிருந்த வீட்டுப் பிள்ளைகள் ஷிப்டுக்குப் போனார்கள். இரவு முழுவதும் கூத்து பார்த்துவிட்டுக் காலை முதல் ஷிப்டுக்கு இரும்பு உருக்கப் போக முடியாது. எனவே கூத்து சனிக்கிழமை இரவுகளுக்கு நகர்ந்தது. சம்பளக் கவர் வந்ததால் விழாவுக்கு வசூல் கூடியது. பார்க்க ஆள் குறைந்தது. கட்டியக்காரன் கான்ட்ராக்டரையும் ஓவர்டைமையும் கேலி செய்யக் கற்றுக்கொண்டான். 1993இல் சன் டிவி வந்த பிறகு, கவுண்டமணியையும் வடிவேலுவையும் தன் பேச்சில் கலந்துகொண்டான்.

தனியார் தொலைக்காட்சியில் கட்டியக்காரனுக்கு ஓர் உண்மையான வாரிசு 2003 வாக்கில் வந்தான். விஜய் டிவியில் ராம்பாலா இயக்கிய லொள்ளு சபா. சந்தானம், சாமிநாதன், மனோகர், சேஷு, பாலாஜி, பிற்பாடு ஜீவா என்று ஒரு ஜமாவே அதில் திரண்டது. புகழ்பெற்ற தமிழ்ப் படங்களை எடுத்துக்கொண்டு அவற்றின் உருக்கமான காட்சிகளை அடித்துத் துவைப்பார்கள். மலிவான செட், பொருந்தாத விக், இரண்டு கையையும் விசித்திரமாக ஆட்டிக்கொண்டு வரும் மனோகர். தமிழ் சினிமா கண்ணீர் விட்டுக் காட்டிய தியாகம், தாய்ப்பாசம், தலைவன் சொல்லும் நீதி எதையும் அவர்கள் புனிதமாக வைக்கவில்லை. சாகிறவன் வசனம் பேசிக்கொண்டே இருப்பதை எத்தனையோ பேர் உள்ளுக்குள் கவனித்திருப்பார்கள். திரையில் அதைச் சொல்லிக் காட்டியவர்கள் இவர்கள்.

பார்வையாளர் இரண்டாகப் பிரிந்தார்கள். கல்லூரி விடுதிகளும் பேச்சிலர் அறைகளும் அதைக் கொண்டாடின. இது என்ன கோணங்கித்தனம் என்று சேனல் மாற்றிய வீடுகளும் நிறைய. பெரிய தொடர்களோடு ஒப்பிட்டால் அது ஒரு ஓரத்து நிகழ்ச்சிதான். ஆனால் பகடி ஓர் உச்ச நட்சத்திரத்தைத் தொட்டபோது ஓரம் நடுவுக்கு வந்தது. 2007 பொங்கலுக்கு வந்த நடிகர் விஜய்யின் படம் போக்கிரியை அவர்கள் கேலி செய்ததும் ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். தொலைக்காட்சி மன்னிப்புக் கேட்டது. அதற்கு முன் பல ஆண்டுகள் எத்தனையோ மரணக் காட்சிகளையும் கதாநாயகிகளின் கண்ணீரையும் அவர்கள் கேலி செய்திருக்கிறார்கள்; அப்போதெல்லாம் அப்படி ஒரு கொதிப்பு எழவில்லை. 1954இல் ராமனைத் தொட்டதற்கு வந்த கோபம், அரை நூற்றாண்டு கழித்து ஒரு நடிகரைத் தொட்டதற்கு வந்தது. தமிழ்நாட்டில் எது கோயிலாக மாறியிருக்கிறது என்று அறிய இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

உலகத்தில் வேறு இடத்தில் பார்வையாளர் நகைச்சுவைக்காரரை நேரடியாகவே வெளியே தள்ளியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆண்டி காஃப்மன் 1970களில் மழலை ஆங்கிலம் பேசும் அப்பாவி வெளிநாட்டுக்காரனாக நடித்து எல்லாருக்கும் செல்லப்பிள்ளையாக இருந்தார். போகப் போக அவர் வேடிக்கை இருண்டது. பெண்களை மல்யுத்தத்துக்கு அழைத்து, ஆணாதிக்கத் திமிர் பிடித்தவனாக வேஷம் கட்டி, கூட்டத்தை வேண்டுமென்றே வெறுப்பேற்றினார். 1982 நவம்பர் 20 அன்று 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் அவர் இனி வரலாமா, வேண்டாமா என்று தொலைபேசி வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்று 1,95,544 பேரும், இருக்கட்டும் என்று 1,69,186 பேரும் வாக்களித்தார்கள். காஃப்மன் மறுபடி அந்த மேடையில் ஏறவில்லை. 1984இல் புற்றுநோயில் இறந்தபோது, அதுவும் அவருடைய இன்னொரு வேடிக்கை என்றே பலர் நம்பினார்கள். சாவையும் நடிப்பாகச் சந்தேகிக்கும் அளவுக்கு அவர் தம் பார்வையாளரைப் பழக்கியிருந்தார்.

காஃப்மனுக்கும் சாவு வீட்டுக் கட்டியக்காரனுக்கும் உள்ள தூரம் பெரியது. கட்டியக்காரன் எல்லை மீறினால் முன்வரிசையில் இருக்கும் கிழவி அதட்டுவாள். அவன் உடனே அவளையே அடுத்த கேலிக்கு இழுத்துச் சமாளிப்பான், அல்லது கைகூப்பிவிட்டு வேறு பேச்சுக்குப் போவான். கோபம் அங்கேயே தோன்றி அங்கேயே தணியும். ராதாவும் இந்த வசதியோடுதான் வேலை செய்தார். கல் பறந்தால் பதில் சொல்ல அவர் எதிரிலேயே நின்றார். தொலைக்காட்சியில் இந்த ஏற்பாடு அறுந்துபோகிறது. சிரிக்கவைத்தவர் ஸ்டுடியோவில் இருக்கிறார். நொந்தவர் வீட்டில் இருக்கிறார். நொந்தவர் கத்தினால் பெட்டிக்குக் கேட்காது. அதனால் அவர் கூட்டம் சேர்த்துக்கொண்டு சேனல் வாசலுக்குப் போகிறார். சேனல், கலைஞனைப் போல் வாதாடாது. விளம்பரதாரரை நினைத்து மன்னிப்புக் கேட்கும்.

லொள்ளு சபா ஓடிக்கொண்டிருந்த அதே 2006இல் தி.மு.க. அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. ஐந்தாண்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. சிப்காட் ஓரத்துக் கிராமங்களில் தொலைக்காட்சி அறைகள் பூட்டிக் கிடந்து, பிறகு கிடங்காகவும் ஆட்டுக்கொட்டிலாகவும் மாறின. ஊராகச் சேர்ந்து பார்த்தவர்கள் தனித்தனி வீட்டுக்குள் போனார்கள். பக்கத்தில் இருப்பவன் சிரிப்பதைக் கேட்டுத் தானும் சிரிக்கும் பழக்கம் குறைந்தது. விபரீதமான நகைச்சுவைக்கு அந்தத் துணை மிகவும் தேவை. சாவு வீட்டில் முதல் ஆள் சிரித்தபிறகுதான் இரண்டாவது ஆளுக்குத் தைரியம் வரும். குடும்பத்தோடு நடுவீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு, இதற்குச் சிரிக்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் காட்சி போய்விடும்.

ஆனாலும் விதை வீணாகவில்லை. 2010 ஜனவரியில் சி.எஸ். அமுதன் இயக்கிய தமிழ்ப் படம், உச்ச நட்சத்திரங்கள் எல்லாரையும் கேலி செய்து, திரையரங்கில் வென்றது. ஆள்கடத்தலைச் சிரிப்பாக்கிய சூது கவ்வும் 2013இல் வந்தது. அதன் இயக்குநர் நலன் குமாரசாமி தொலைக்காட்சிக் குறும்படப் போட்டியிலிருந்து வந்தவர். விஜய் டிவியில் வேலை பார்த்த நெல்சன், போதைப்பொருள் கடத்தலை வைத்துக் கோலமாவு கோகிலாவையும், பெண்கள் கடத்தலை வைத்து டாக்டரையும் எடுத்தார். சந்தானம் கதாநாயகன் ஆனார். ராம்பாலா பேய்ப்படத்தையே நகைச்சுவையாக்கித் தில்லுக்கு துட்டு எடுத்தார். சேஷு 2024 மார்ச்சில் இறந்தபோது, ஒருகாலத்தில் கோணங்கித்தனம் என்று ஒதுக்கப்பட்ட அந்தக் காட்சிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அவரைத் தன் வீட்டு ஆள்போல நினைத்துப் பேசியது. பார்வையாளர் ஒரு நகைச்சுவையைப் புரிந்துகொள்ளச் சில சமயம் பதினைந்து வருடம் எடுத்துக்கொள்கிறார்கள்.

1954 சட்டத்தின் கதை தனி. அறுபது வருடம் நெருங்கும்வரை அது உயிரோடு இருந்தது. நாடகம் போட வேண்டுமானால் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று தள்ளியது. எம்.ஆர். ராதா அதைப் பார்க்க இல்லை, 1979லேயே காலமாகிவிட்டார். 1967இல் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் சிறை சென்று, 1971இல் வெளியே வந்து மறுபடியும் மேடையேறி, நெருக்கடி நிலைக் காலத்தில் மீண்டும் உள்ளே போய் வந்த மனிதர் அவர்.

பிரதியே இல்லாத கூத்துக்கு அந்தச் சட்டத்தால் பெரிய தொல்லை இருந்ததில்லை. கட்டியக்காரன் என்ன பேசப்போகிறான் என்று அவனுக்கே முன்கூட்டித் தெரியாதபோது, எதைக் காவல் நிலையத்தில் கொடுப்பது? அவனை மடக்கியது வேறு விதி. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டுக்கு 15 நாள் மட்டும் நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்வு தரலாம். ஆலைகளுக்கு நடுவே வளர்ந்த ஊர்களில் விதி தேவைதான். இரவு ஷிப்டு முடித்துத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கர்ண மோட்சத்தில் கர்ணன் விடைபெறுவது விடியற்காலையில். சாவு வீட்டுக் காரியம் விழாக் கணக்கில் வராது. சாவு நாள் குறித்துக்கொண்டும் வராது. விதியை நேரப்படி அமல்படுத்தினால், கட்டியக்காரன் சிரிக்கவைத்து முடிக்கும்போதே மைக் அணைந்துவிடும், அழுகைக்கு நேரம் மிஞ்சாது. இப்போது சில ஜமாக்கள் மாலையிலேயே தொடங்கி ஆட்டத்தைச் சுருக்குகிறார்கள். சில ஊர்களில் மைக்கை அணைத்துவிட்டு, தொண்டையை மட்டும் நம்பி விடியும்வரை ஆடுகிறார்கள். இரவு முழுக்க நடக்கும் கூத்துக்குத் தனியாக ஓர் அனுமதி முறை வகுக்க மாவட்ட நிர்வாகத்தாலும் கலை பண்பாட்டுத் துறையாலும் முடியும். சாவு வீட்டுக் கூத்துக்கு ஓர் இரவு, ஒரே தெரு, குறைந்த ஒலி என்று வரையறுத்தாலே போதும்.